நோயில்லாத பன்றியை ஏன் கட்டி வைத்தேன்

அன்புள்ள மகன் ஏழுமலைக்கு,

வியாசர்பாடியிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் மகள் அஞ்சலை நலம். அவள் கல்யாணத்துக்குச் சீராகப் போக வேண்டிய ராணியும் நலம். மூன்றாவதாகச் சொன்னதைப் படித்ததும் உனக்குக் கோபம் ஏறும் என்று தெரியும். அந்தப் பன்றி செத்திருந்தால் நீ என்னை மெச்சியிருப்பாய். அது குத்துக்கல் போல் நிற்கிறது, வைத்ததையெல்லாம் தின்கிறது, அதனால்தான் நான் குற்றவாளி ஆகிவிட்டேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் மகன் என்னைத் திட்டி எழுதியதை இன்னொருத்தர் வாயால் கேட்கிற கதி எனக்கு வரவில்லை. ஒன்றுமில்லாத பன்றியை இரண்டு வாரம் கட்டிப் போட்டு சம்பந்தி வீட்டாரை அவமானப்படுத்தினேன் என்கிறாய். கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது, திருவொற்றியூருக்குப் போய் சம்பந்தி கன்னியம்மா காலில் விழு என்கிறாய். ரயில் என்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த பிள்ளை நீ. அரக்கோணத்து ஷெட்டில் உன் கைக்கு மரியாதை உண்டு என்று கேள்விப்பட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள் நான். ஆனால் இந்த விஷயத்தில் நீ பாதியில் வந்தாய், பாதி கேட்டாய், மீதியைக் கேட்காமலே ரயிலேறிவிட்டாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று நினைத்தால் இங்கேயே மடித்து வைத்துவிடு.

நம்மைப் போல் பன்றி வளர்க்கிறவர்களின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பெட்டைப் பன்றி போக வேண்டும். அதுவும் வெறுமனே போகக் கூடாது, இணை சேர்ந்து போக வேண்டும். மருமகள் போய்ச் சேர்ந்த வீட்டில் அவளுடைய பன்றி குட்டி போட்டால் அந்தக் குட்டிகள் அவளுக்குச் சொந்தம். மாமியாரும் கை வைக்க முடியாது, புருஷனும் கை வைக்க முடியாது. நகை நட்டு போடாத நம் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் நகை. உன்னைப் படிக்க வைத்ததே அப்படி வந்த குட்டிகள்தான். அஞ்சலைக்காக ராணியைக் குட்டியிலேயே பொறுக்கி எடுத்து வளர்த்தேன். நாள் நெருங்கியதும் கால்வாய் ஓரத்தில் பட்டி வைத்திருக்கிற கோவிந்தனின் ஆண் பன்றியோடு சேர்த்துவிட்டேன். அவனிடம் இருப்பது போன்ற ஆண் பன்றி இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை. துறைமுகத்துக் கப்பல் சமையல்கட்டிலிருந்து மிச்சம் மீதியைப் பீப்பாயில் கொண்டுவந்து ஊற்றி வளர்த்தது. ராணி அவன் பட்டியில் சில நாள் இருந்துவிட்டு வந்தாள். இணை சேர்ந்து வந்த பெட்டையை மற்றதோடு விடாமல் தனியாகக் கட்டுவதும் நம் வழக்கம்தானே? அந்தப்படி வேலியோரக் கொட்டிலில் கட்டினேன். அது என் புத்திசாலித்தனம் இல்லை, வழக்கம் செய்த புண்ணியம்.

ராணி வந்து மூன்று நாள் கூட ஆகவில்லை. காலையில் கோவிந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“யக்கா, பேஜாராப் பூடுச்சி. ரெண்டு பெட்டை தீனிகிட்டயே வர்ல. ஒன்னுமேல ஒன்னு படுத்துகினு நடுங்குதுங்க. காதப் பாரு, கத்திரிக்கா கலர்ல கீது.”

போய்ப் பார்த்தேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். எழுந்து நிற்கப் பார்த்த ஒன்று பின்னங்கால் பின்னி விழுந்தது. பன்றிச் சுரம். உன் அப்பா இருந்த காலத்தில் ஒரு முறை அது நம் பட்டியில் புகுந்து, ஒரு குட்டியைக் கூட விடாமல் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு யாரும் பேர் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தால், ராணி தொட்டியை மூக்கால் முட்டிக் கவிழ்த்துவிட்டு, இன்னும் போடு என்று என்னைப் பார்த்து உறுமுகிறாள். கண்ணில் பீளை இல்லை, காதில் கத்திரிக்காய் நிறமில்லை. உடம்பு கறுகறுவென்று மின்னுகிறது.

கோவிந்தன் அன்று சாயங்காலமே ஒரு யோசனை சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. பட்டியே சரிந்துகொண்டிருக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

“யக்கா, உன்னிது நல்லாத்தான கீது? நாளிக்கே வண்டில ஏத்தி திருவொத்தியூருக்கு அனுப்பிடு. நல்லா கீறப்பவே கை மாத்திட்டா, அங்க போயி இன்னா ஆனாலும் அவங்க பாடு.”

“அவங்க பாடா? அங்க வாழப் போறது யாருடா, உன் பாட்டியா? அவங்க பட்டி சரிஞ்சா அந்தப் பழி தூங்கறப்பவும் என் பேத்தி தலமேலதான் ஒக்காந்துகினு கெடக்கும்” என்றேன்.

“ஒட்டிகினு இருந்தாத்தானே யக்கா பழி? ஒட்டாமலும் இருக்கலாமில்ல?”

அங்கேதான் சிக்கல், ஏழுமலை. அவன் சொன்னதும் உண்மைதான், ஒட்டாமலும் இருக்கலாம். இந்தத் தெருவில் அதே நினைப்பில் நல்லதாகத் தெரிந்த பன்றிகளையெல்லாம் இரண்டே நாளில் விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்லப் போனேன். “கெய்வி, உன் வேலயப் பாரு” என்று என் வாயை அடைத்தார்கள். இப்போது தண்டையார்பேட்டையில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள் என்று கேள்வி. அதைச் சொல்லி நான் ஜெயித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. அவர்கள் பன்றி வேறு, ராணி வேறு. அன்று அவையும் இவள் மாதிரியேதான் தின்றுகொண்டு நின்றன. அதை மட்டும் நினைவில் வை.

மாட்டு டாக்டர் ஒருவர் கோவிந்தன் பட்டியைப் பார்க்க வந்தார். சின்ன வயசு, சாந்தமான மனுஷர். மூக்கைப் பொத்தாமல் உள்ளே போய், செத்த பன்றியின் வயிற்றைப் பார்த்தார். வெளியே வந்து கை கழுவும்போது தண்ணீர் ஊற்றியவள் நான்தான். கேட்டேன்.

“ஐயா, எங்க வூட்டு பெட்டை இந்தப் பட்டியில இருந்துட்டு வந்துச்சு. நல்லா துன்னுது. சீக்கு இருக்குதா இல்லியா, நீங்க பாத்து சொல்லிடுங்களேன்.”

“பார்த்துச் சொல்ல முடியாதும்மா. இந்தக் கிருமி பூதக்கண்ணாடிக்கே தெரியாத கிருமி. உள்ளே போனதும் ஒன்றும் செய்யாது. கொஞ்ச நாள் ரத்தத்தில் இருந்து பெருகும். அதுவரைக்கும் பன்றி தின்னும், ஓடும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் காட்டிவிடும். சிலதுக்கு இரண்டு வாரம் கூட ஆகும். காட்டுவதற்கு முன்னாலேயே பக்கத்தில் நிற்கிற பன்றிக்குக் கொடுத்தும் விடும்.”

“அப்போ ஒட்டிகிச்சா, ஒட்டலியா?”

“எனக்குத் தெரியாதும்மா. தெரிந்துகொள்ள ஒரே வழி, இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்ப்பதுதான். நீங்கள் அதனிடம் போய்விட்டு அதே காலோடு மற்றவற்றிடம் போகாதீர்கள்.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர் சொன்ன நாளை நம்பலாம். ராணி கோவிந்தன் பட்டியை விட்டு வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ராணிக்குத் தீனி நான் மட்டும் வைத்தேன். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் காலை முக்கினேன். மற்ற பன்றிகளை அஞ்சலை பார்த்துக்கொண்டாள். அவள் வாளி வேறு, என் வாளி வேறு. காலையில் எழுந்ததும் நான் பல் விளக்கவில்லை, ராணியின் காதைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் இதே வேலை. காது கறுப்பாகவே இருக்கும். நல்லதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது, ஏனென்றால் நல்லதாக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. அப்படி ஒரு காத்திருப்பை நீ அறிந்திருக்க மாட்டாய். என்ஜின் பழுதானால் சத்தம் போட்டு உன்னிடம் சொல்லிவிடும்.

இதில் ஒரு பிசகு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பன்றி அனுப்புவதாகச் சொன்ன நாளுக்கு முன்பே கன்னியம்மாவுக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்தே நாளைக் கடத்திவிட்டேன். அவர்கள் வாசலில் கோலம் போட்டு, மஞ்சள் தண்ணீர் கரைத்து, உறவையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, வராத பன்றிக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கன்னியம்மாவே வந்து இறங்கினாள். உட்காரவில்லை. நேராக வேலியோரக் கொட்டிலுக்குப் போனாள்.

“இன்னா சம்பந்திம்மா, பன்னி குடுக்க மனசு வர்லியா? இல்ல என் புள்ளய வுட ஒசத்தியா வேற எடம் பாத்துட்டியா?”

“கிட்ட போவாத சம்பந்தி. அது சீக்குப் பட்டியில இருந்துட்டு வந்தது. ரெண்டு வாரம் பாத்துட்டு அனுப்பறேன்.”

“இதுவா சீக்கு? என்னிய வுட நல்லா கீதே!”

“நல்லாத்தான் இருக்கும். அதான் பேஜாரே. உள்ள இருக்கறது வெளிய தெரிய நாளாவும்.”

“அடியே, சீக்குப் பன்னிய எங்க வூட்டுக்கு அனுப்பப் பாத்து மாட்டிகினியா, இல்ல நல்ல பன்னிய வெச்சிகினு சாக்கு சொல்றியா? ரெண்டுல ஒன்னு சொல்லு!”

“ரெண்டுமில்ல. சீக்கா நல்லதான்னு எனக்கே தெர்ல. தெரியாத ஒன்ன உன் பட்டியில வுடமாட்டேன். அவ்ளோதான்.”

“நேத்து என் வாசல்ல நின்னு சிரிச்சிட்டுப் போனாங்களே, அவங்களாண்ட போயி இந்தக் கதயச் சொல்லு” என்றாள். அஞ்சலை கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. போய்விட்டாள். ஆள் அனுப்பாததற்கு மன்னிப்பு என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன், நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள். கேட்க வேண்டிய மன்னிப்பு அது ஒன்றுதான். அதைக் கேட்டாகிவிட்டது. அஞ்சலை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. “ஆயா, நீ செஞ்சது சரிதான். ஆனா எனக்கு அழுவ வருது, நான் அழுதுக்கறேன்” என்றாள். அழட்டும் என்று விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். வந்ததும் அவிழ்த்து அனுப்பு என்றாய். நான் முடியாது என்றதும் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “ஊரே நம்பள தள்ளி வெச்சிகீது. கெணத்தாண்ட வராத, கோயிலாண்ட வராதன்றான். நீ நம்ப வூட்டு பன்னிய நீயே தள்ளி வெச்சிகினு, ஒட்டிக்கும் ஒட்டிக்கும்ன்றியே. அவங்களுக்கும் உனக்கும் இன்னாம்மா வித்தியாசம்?” பதில் சொல்வதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நல்ல கேள்வி, மகனே. வீம்புக்குக் கேட்டாலும் நல்ல கேள்வி.  இப்போது சொல்கிறேன், கேள்.

உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது. வேப்பிலை செருகிய நம் வாசலை ஒருத்தரும் மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி தினமும் கஞ்சிக் கலயத்தை வாசலில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று, “ஏழுமல துன்னானா?” என்று கத்திக் கேட்பாள். நான் ஆம் என்று கத்துவேன். உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று முதல் ஆளாக உள்ளே வந்தவளும் அவள்தான். தழும்பும் பொருக்குமாகக் கிடந்த உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவையே சுற்றினாள். அவள் தள்ளி நின்றதும் அன்புதான், தூக்கி வைத்துக்கொண்டதும் அன்புதான்.

அதற்கடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். உன்னை மட்டும் கதவோரம், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் உட்காரச் சொன்னார்கள். நீ அழுதுகொண்டு வந்தாய். மறுநாள் உன்னோடு நானும் வந்தேன், ஞாபகமிருக்கிறதா? “வாத்தியாரையா, எம் புள்ளைக்கு இன்னா சீக்கு?” என்று கேட்டேன். “சீக்கெல்லாம் ஒண்ணுமில்லையேம்மா” என்றார். “அப்போ எத்தினி நாளிக்கு இவன் தனியா ஒக்காரணும்? நாளச் சொல்லுங்க, அது வரிக்கும் நானும் கூட ஒக்காந்துக்கறேன்” என்றேன். அவரிடம் நாள் இல்லை. இருந்தால்தானே சொல்வார்? சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உன்னைக் கையில் பிடித்து அப்படியே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனேன்.

வித்தியாசம் என்ன என்று கேட்டாயே, அதுதான் வித்தியாசம். கட்டுகிற கை, அவிழ்க்கிற நாளையும் சொல்ல வேண்டும். ராணியின் கயிற்றுக்கு நாள் உண்டு. நம் கழுத்தில் போட்ட கயிற்றுக்கு எந்தப் பெரிய மனுஷனாவது இன்றுவரை நாள் சொல்லியிருக்கிறானா? நாள் சொல்லாமல் தள்ளி வைக்கிறவன் நோய்க்குப் பயந்தவன் இல்லை, நாம் நிமிர்வதற்குப் பயந்தவன். அவனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதே. வைத்தால் அரக்கோணத்துக்கே வந்து கேட்பேன்.

ராணியின் இரண்டு வாரக் கெடு முடிந்தது. டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு நாள் என் திருப்திக்காகவும் வைத்துக்கொண்டேன். ராணிக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் உன் கடிதம் வந்தது. “பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே” என்று எழுதியிருந்தாய். ஆகவில்லைதான். ஆகவில்லை என்று எனக்குத் தெரிந்தது நேற்று. கன்னியம்மா கேட்ட அன்று தெரியாது. தெரியாத அன்று என்ன செய்தோம் என்பதுதான் கணக்கு. நாளைக்கே இன்னொரு பன்றி இப்படி வந்து நின்றால், இன்னொரு கல்யாணம் நின்றாலும் சரி, மறுபடி கட்டுவேன்.

உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ராணியை மாட்டு வண்டியில் ஏற்றினேன். கோவிந்தன் வண்டியோட்ட வருகிறேன் என்றான். “நீயும் வேணாம், உன் துணியும் வேணாம், தூர நில்லுடா” என்று விரட்டிவிட்டு வேறு வண்டி பிடித்தேன். கல்மண்டபம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போகும்போது சிரிக்காதவர்கள் ஒருத்தரும் இல்லை. ஒரு கிழவியும் ஒரு பன்றியும் சரிக்குச் சரியாக உட்கார்ந்து போனால் சிரிக்கத்தான் செய்வார்கள். திருவொற்றியூரில் கன்னியம்மா வாசலில் நின்றாள். மாப்பிள்ளைப் பையன் பின்னால் தலை குனிந்து நின்றான். உறவெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. நான் காலில் விழவில்லை. கயிற்றை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. தோட்டத்தின் கடைசியைக் காட்டினாள். அவர்கள் பட்டியிலிருந்து வெகு தூரத்தில், பனை மட்டை வேலியை ஒட்டிப் புதிதாக ஒரு கொட்டில். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டி.

“அங்க கட்டு சம்பந்திம்மா. எங்க பன்னிங்களோட சேக்கமாட்டேன். நீ எத்தினி நாள் கட்டி வெச்சியோ, நானும் அத்தினி நாள் கட்டி வெப்பேன். நீ மட்டுந்தான் நாள் எண்ணுவியா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பையன், “எம்மா, வேணாம்மா, பாவம் அவங்க” என்றான். “நீ சும்மா இருடா. வண்டி எந்தச் சீக்குத் தெருவயெல்லாம் தாண்டி வந்துச்சோ, உனக்குத் தெரியுமா?” என்று அதட்டினாள்.

அவளே சொன்னாள் பார், வண்டி வந்த தெருவைப் பற்றி! எனக்கு அது தோன்றவே இல்லை. வரும் வழியில் தண்டையார்பேட்டையில் வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியதும், ராணி கீழே சிந்திக் கிடந்ததை முகர்ந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறைக்காமல் சொன்னேன். “பாத்தியா!” என்றாள், ஏதோ ஏலத்தில் ஜெயித்தவள் மாதிரி. நானே அந்தக் கொட்டில் கம்பத்தில் ராணியைக் கட்டிவிட்டு, காலை முக்கிக்கொண்டு வந்தேன். அன்று நம் வீட்டில் தண்ணீர் வாங்காதவள் இந்த முறை எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

“ராணிய அவுத்து வுடற அன்னிக்கி மறுநாளு தாலி” என்றாள் கன்னியம்மா. “சம்மதமா?”

“நாள் சொல்லிட்ட இல்ல? சம்மதம்” என்றேன்.

உன் காதுக்கு இது வேறு மாதிரி வரும். சம்பந்தி வீட்டில் நம் பன்றியை ஊர் சிரிக்கத் தள்ளிக் கட்டினார்கள், உன் அம்மாவும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தாள் என்று யாராவது ரயிலேறி வந்து சொல்லுவார்கள். நீ துள்ளுவாய். துள்ளாதே. அவள் என்னைப் பழிவாங்கச் செய்தாளா, புரிந்து செய்தாளா என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் நல்லதாகத் தெரிகிற ஒன்றை நாலு பேர் சிரிப்புக்கு அஞ்சி உள்ளே விடாத வீடு அது. பெற்ற பிள்ளை கெஞ்சியும் விடாத வீடு. அஞ்சலைக்கு அதைவிடக் காவலான வீட்டை நீ அரக்கோணம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டாய். அவளிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் சரியான ஆளுங்க ஆயா, நடுவுல நாந்தான் மாட்டிகினேன்” என்று சிரித்தாள். ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

தாலிக்கு முந்தின நாளே உன் பெண்டாட்டி, பிள்ளைகளோடு வந்து சேர். வியாசர்பாடியில் இறங்கியதும் நேராக வீட்டுக்கு வா. கோவிந்தன் உன் பழைய சிநேகிதன், பட்டி இழந்து நொந்து கிடக்கிறான், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கல்யாணம் முடிந்த பிறகு போய்ப் பார், என் பங்காக ஒரு வேளைச் சோறும் கொண்டுபோ. அதற்கு முன்னால் அவன் பட்டியை மிதித்துவிட்டு அதே செருப்போடு வந்தாயானால், பெண்ணுக்கு அப்பன் என்றும் பார்க்க மாட்டேன், வாசலிலேயே நிறுத்திவிடுவேன். எத்தனை நாளைக்கு என்றும் சொல்லித்தான் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா